37 என்ற சாலை 69 ஆனபோது

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நான் இருக்கும் புளூமிங்டனிலிருந்து, தலைநகர் இண்டியானாபோலிஸின் விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று 2014இல் கேட்டிருந்தால், ஒரு மணி நேரம் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். 2016இல் கேட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம், எதற்கும் இன்னும் இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். 2021இல் கேட்டவர்களிடம், "எந்த வழியாப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். அந்த வருடம் நேர்வழி என்று ஒன்று கிடையாது.

ஸ்டேட் ரோடு 37 என்ற கிராமப்புற நெடுஞ்சாலையை, மாநிலங்களை இணைக்கும் அதிவேக நெடுஞ்சாலையான இன்டர்ஸ்டேட் 69 ஆக மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் தோண்ட ஆரம்பித்தது 2014 இறுதியில். கடைசித் துண்டு திறந்தது 2024 ஆகஸ்டில். இந்தப் பத்து வருடமும் நான் அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலில் மாணவனாக, அப்புறம் வேலைக்குப் போகிறவனாக, அப்புறம் பின்சீட்டில் ஒரு குழந்தையோடு. நான் கார் ஓட்டப் பழகியதே 37இல்தான். அதனால் அதன்மேல் எனக்கு ஒரு உரிமை இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

பழைய 37 எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புளூமிங்டனுக்கும் இண்டியானாபோலிஸுக்கும் நடுவே சுமார் 50 மைல். போக இரண்டு தடம், வர இரண்டு தடம், நடுவில் புல் முளைத்த பள்ளம். புளூமிங்டனை விட்டு வடக்கே கிளம்பினால் மார்ட்டின்ஸ்வில் வரைக்கும் ஏற்ற இறக்கம், இரண்டு பக்கமும் காடு. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் அந்தக் குன்றுகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும்போது வேலை எதுவும் இல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். மார்ட்டின்ஸ்வில் தாண்டியதும் தரை சட்டென்று தட்டையாகிவிடும். வொயிட் ஆற்றின் படுகை அது. சோளம், சோயா, மறுபடியும் சோளம்.

மார்ட்டின்ஸ்வில் சின்ன ஊர். ஒரு காலத்தில் மருத்துவக் குணம் உள்ள ஊற்றுநீருக்காக ஊர் ஊராக ஆட்கள் வந்து தங்கிய இடம். தங்கமீன் வளர்ப்புக்கும் பேர் போனது. 1899இல் அங்கே ஆரம்பித்த பண்ணையிலிருந்து அமெரிக்கா முழுக்கக் கண்ணாடித் தொட்டிகளுக்கு மீன் போனது. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அப்போது எனக்கு மார்ட்டின்ஸ்வில் என்றால் சிக்னல். மணிக்கு 60 மைலில் வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு சிவப்பு விளக்கு, நிற்க வேண்டும். கிளம்பி வேகம் எடுப்பதற்குள் அடுத்தது. முன்னால் நிற்கிற பதினெட்டுச் சக்கர லாரி முதல் கியரிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வருவதற்குள் பச்சை மஞ்சளாகிவிடும்.

சிக்னல்கூடப் பரவாயில்லை. சாலை நெடுக வாசல்கள் இருந்தன, அதைத்தான் சொல்ல வேண்டும். பண்ணை வீடுகளின் சரளைக்கல் பாதைகள் நேராக 37இல் வந்து முட்டும். தபால் பெட்டிகள் சாலையோரத்திலேயே நிற்கும். ஒரு சர்ச், ஒரு பட்டாசுக் கடை, பழைய டிராக்டர்களை வரிசையாக நிறுத்தி விற்கிற இடம், பெட்ரோல் பங்க். ஒவ்வொன்றுக்கும் 37இலிருந்து நேரே திரும்பலாம். கிராமச் சாலைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இடங்களில், சிக்னல்கூட இல்லாமல், நடுப் பள்ளத்தைத் தாண்ட ஒரு சின்ன இணைப்புத் தளம் மட்டும் இருக்கும். அறுவடைக் காலத்தில் அந்த இடைவெளிகள் வழியாக அறுவடை இயந்திரங்கள் ஆடி ஆடிக் கடக்கும். எதிரே வருகிறவர்கள்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

மார்ட்டின்ஸ்வில்லுக்கு வடக்கே அப்படி ஒரு வாசலில் ஒரு அம்மா சோளம் விற்பார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் வரை மடக்கு மேசை ஒன்றைப் போட்டு, இனிப்புச் சோளம், தக்காளி, சில வாரங்களில் முலாம்பழம். அவர் இல்லாதபோது ஒரு தகரப் பெட்டி இருக்கும். காசைப் போட்டுவிட்டு நாமே எண்ணி எடுத்துக்கொள்ளலாம். இருக்கும்போது வாங்கினால் டஜனுக்குப் பதின்மூன்று கொடுப்பார். ஊரில் கீரைக்காரம்மா கட்டுக்கு மேல் ஒரு கைப்பிடி வைப்பது மாதிரி. விமான நிலையத்துக்கு ஆளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது மனசு கொஞ்சம் வெறுமையாக இருக்கும் இல்லையா, அப்போதெல்லாம் நான் அங்கே நிறுத்துவேன்.

சரி, ஏற்கெனவே நான்கு வழியாக இருக்கிற சாலையில் இதற்கு மேல் என்ன செய்யப் போகிறார்கள்? இந்தக் கேள்வியை என் மாமனார்தான் கேட்டார். 2017 கோடையில் முதல்முறையாக எங்களைப் பார்க்க வந்திருந்தார். பெரம்பலூர் பக்கம் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காரில் உட்கார்ந்தால் பேச மாட்டார், ரோட்டைத்தான் பார்ப்பார். மார்ட்டின்ஸ்வில்லுக்குத் தெற்கே வேலை முழு வீச்சில் நடந்துகொண்டிருந்தது. தடத்தை அடைக்க வைக்கும் ஆரஞ்சுப் பீப்பாய்கள் மைல் கணக்கில் நின்றன. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே வந்தவர் கேட்டார்:

"நாலு வழி ரோடு நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை. இதை எதுக்கு ஒடைக்கிறாங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தது இந்த இன்டர்ஸ்டேட் ஏற்பாடு. அதற்கென்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடமும் 12 அடி. வலது ஓரத்தில் 10 அடிக்குத் தளம் போட்ட ஒதுங்குமிடம், இடது ஓரத்தில் 4 அடி. கிராமப்புறத்தில் மேலே போகிற பாலத்துக்கும் தரைக்கும் நடுவே 16 அடி உயரம். இதெல்லாம் இருந்தாலும், முக்கியமான விதி வேறு. சாலையில் ஏறவும் இறங்கவும் அதற்கென்று கட்டிய சாய்தளங்களில் மட்டும்தான் முடியும். சிக்னல் கூடாது, குறுக்குச் சந்திப்பு கூடாது, ஒரு வீட்டின் பாதைகூட நேராக வந்து சேரக் கூடாது.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ ரோட்டை அகலப்படுத்தல. வாசலையெல்லாம் அடைக்கிறாங்க" என்றார்.

மூன்று வருடமாக நான் செய்தித்தாளில் படித்துப் படித்துப் புரிந்துகொள்ளப் பார்த்த திட்டம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஒரு வாசலை அடைத்தால் அங்கே இருப்பவருக்கு வேறு வழி கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு, சில மைலுக்கு ஒரு மேம்பாலம், ஏறி இறங்கும் இடங்களில் சாய்தளங்கள், சில இடங்களில் ரவுண்டானா. உண்மையில் பணத்தில் ஒரு நல்ல பங்கு நெடுஞ்சாலைக்கு வெளியே இருப்பவர்களை நெடுஞ்சாலையைத் தொடாமல் சுற்றிவிடுவதற்கே போகிறது.

அன்று ஒரு பாலத்தின் பக்கத்தில் வாகனங்கள் நின்றுவிட்டன. மேல்தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி முழுக்கப் பச்சை. "கம்பிக்கு எதுக்கு பெயின்ட்?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அது எப்பாக்ஸி பூச்சு. இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அதைத் தடுக்கத்தான் பூச்சு. தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நயாகரா பார்த்தபோதுகூட அந்த முகம் வரவில்லை. வண்டி நகரும்வரை, கம்பிகள் குறுக்கிடும் எத்தனை இடத்துக்கு ஒரு கட்டுக்கம்பி முடிச்சு போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்தத் திட்டத்துக்குப் புளூமிங்டனில் கடுமையான எதிர்ப்பு இருந்தது. முதலில் இருந்த ஐ-69, அதாவது இன்டர்ஸ்டேட் 69, இண்டியானாபோலிஸிலிருந்து வடகிழக்காக மிச்சிகன் வரை மட்டும்தான் போனது. அதைத் தெற்கே டெக்சாஸ் வழியாக மெக்சிகோ எல்லைவரை இழுப்பது என்ற யோசனையில் ஒரு பகுதிதான், மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் எவன்ஸ்வில்லிலிருந்து இண்டியானாபோலிஸ் வரையான 142 மைல். 2003இல் ஆளுநர் ஃபிராங்க் ஓ'பேனன் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார். எதிர்த்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. மேற்கே ஏற்கெனவே இருக்கிற யுஎஸ் 41 நெடுஞ்சாலையையும் டெரே ஹோட் நகரிலிருந்து வருகிற ஐ-70ஐயும் பயன்படுத்தினால் போதுமே, காட்டையும் வயலையும் எதற்கு வெட்ட வேண்டும் என்றார்கள். என் பல்கலைக்கழக நண்பர்கள் எல்லோரும் அந்தப் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். ஐ-69 வேண்டாம் என்ற பழைய ஸ்டிக்கர் ஒட்டிய கார்களைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கும்.

2015 டிசம்பரில் ஒரு மாலை என் எண்ணம் மாறியது.

பழைய சாப்பாட்டு மேசை ஒன்று வாங்கப் போயிருந்தோம். விற்பவர் வீடு 37க்குக் கிழக்கே ஒரு கிராமச் சாலையில். நண்பரின் பிக்கப் வண்டியை இரவல் வாங்கியிருந்தேன். மேசையைப் பின்னால் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கினோம். அதன் கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெற்கே திரும்பி வர வேண்டும். அதற்கு முதலில் வடக்கு நோக்கிப் போகும் இரண்டு தடங்களைக் கடந்து, நடுப் பள்ளத்தின் மேல் இருக்கும் அந்தச் சின்னத் தளத்தில் நின்று, எதிர்ப்புறம் தெற்கே போகிற வண்டிகளில் இடைவெளி பார்த்துச் சேர வேண்டும். ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. இடதுபக்கம் பார்த்தேன், விளக்குகள் தூரத்தில் இருந்தன. கடந்து நடுவில் போய் நின்றேன்.

நின்ற பிறகுதான் தெரிந்தது, வண்டி அந்த இடத்துக்குள் முழுசாக அடங்கவில்லை. முன்பாகம் தெற்குத் தடத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, பின்பாகமும் மேசைக் கால்களும் நான் கடந்து வந்த தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு 88 அடி. தூரத்தில் இருந்த விளக்குகள் அதற்குள் ஒரு லாரியாகிவிட்டிருந்தன. அந்த ஹார்ன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. லாரிக்காரர் எப்படியோ வெளித்தடத்துக்கு ஒதுங்கினார். காற்றில் எங்கள் வண்டி ஆடியது. பயத்தில் நான் முன்னால் எடுத்தேன், எதிர்ப்பக்கம் சரியாகப் பார்க்காமல். தெற்கே வந்துகொண்டிருந்த ஒரு கார் ஓரத்துக்கு இறங்கி, சரளைக்கல்லைத் தெறித்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு நானும் மனைவியும் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். தவறு முழுக்க என்னுடையது. ஆனால் அதே தவறைச் செய்ய வாய்ப்புக் கொடுக்கிற இடங்கள் அந்தச் சாலையில் எத்தனை என்று அன்றைக்கு மீதி வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இப்படிப்பட்ட நான்கு வழிக் கிராமப்புறச் சாலைகளின் சந்திப்புகளில் பெரிய விபத்துகள் பெரும்பாலும் பக்கவாட்டில் மோதுகிறவைதான். அதிலும் கடப்பவர் முதல் பாதியைச் சரியாகக் கணித்துக் கடந்துவிடுகிறார், இரண்டாவது பாதியில் மாட்டிக்கொள்கிறார். காரின் முன்பக்கத்தில் மோதல் விழுந்தால் தாங்குவதற்கு எஞ்சின் இருக்கிறது, நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மூன்று நான்கு அடி இருக்கிறது. பக்கவாட்டில் இருப்பது ஒரு கதவு மட்டும். நின்ற நிலையிலிருந்து சாலையைக் கடக்க ஏழு நொடி என்று வைத்தால், அந்த நேரத்தில் எதிரே வருகிற வண்டி 600 அடிக்கு மேல் வந்துவிடும். இருட்டில் 600 அடியை எந்தக் கண் அளக்கும்? ஓட்டுநருக்கு இந்தக் கணக்கையே கொடுக்காமல் விடுவதுதான் நல்ல சாலை என்று அப்போதிலிருந்து நம்புகிறேன். ஐ-69இல் அந்தக் கணக்கு கிடையாது.

அதற்காக எதிர்த்தவர்கள் சொன்னது வீண் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் விடாமல் கேட்டதால்தான் சில விஷயங்கள் கவனமாக நடந்தன. புளூமிங்டனைச் சுற்றித் தரைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் போன கல் இந்தப் பக்கத்துக் குவாரிகளிலிருந்துதான் போனது. அந்தப் பாறையை மழைநீர் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளும் ஓடைகளும் உண்டாக்கியிருக்கிறது. மேலே பார்த்தால் வயலில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் இறங்குகிற தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் அப்படியே குகைக்குள் போய், எங்கோ ஒரு ஊற்றில் வெளியே வரும். சாலையில் சிந்துகிற டீசலும் குளிர்கால உப்பும் அதே வழியில்தான் போகும். அதனால் எந்தப் பள்ளத்தில் இறங்குகிற தண்ணீர் எந்த ஊற்றில் வருகிறது என்று சாயம் கலந்து விட்டுப் பார்த்தார்கள்.

வௌவால் கதையும் உண்டு. இண்டியானா வௌவால் என்று ஒரு சின்ன இனம், அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சட்டத்தில் பாதுகாக்கப்படுவது. குளிர்காலத்தில் குகைகளில் கூட்டமாகத் தூங்கும். கோடையில் காட்டில் பட்டை உரிந்து தொங்கும் மரங்களின் இடுக்கில் குட்டி போட்டு வளர்க்கும். அதனால் வௌவால் குகைக்குள் இருக்கிற குளிர்கால மாதங்களில் மட்டும்தான் மரம் வெட்டலாம், மார்ச் முடிந்தால் ரம்பத்தை வைத்துவிட வேண்டும். ஒரு பிப்ரவரி காலையில் அதைப் பார்த்தேன். சாலையோரம் முழுக்கப் பனி, அதன்மேல் புதிதாக வெட்டிய அடிமரங்களின் ஆரஞ்சு நிற வட்டங்கள், வரிசையாக. கார்க் கண்ணாடியை ஏற்றியிருந்தும் பச்சை மரத்தின் வாசம் உள்ளே வந்தது. வேண்டும் என்று நான் நம்புகிற சாலைக்காகத்தான் வெட்டினார்கள். இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

புளூமிங்டனிலிருந்து மார்ட்டின்ஸ்வில் வரையான 21 மைலை முதலில் எடுத்தார்கள். அது 2016 இறுதியில் முடிந்திருக்க வேண்டியது. முதலீட்டையும் வேலையையும் சேர்த்து எடுத்த தனியார் தரப்பு பணத்துக்குத் திணறியது. வாரக்கணக்கில் இயந்திரங்கள் அசையாமல் நின்றன. 2017இல் மாநில அரசே வேலையைக் கையில் எடுத்து, 2018இல்தான் முடிந்தது. நெடுஞ்சாலைப் பணி என்றால் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நடக்கிற வேலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நின்றுபோன வேலைதான் ஆளைக் கொல்லும். ஒரு தடத்தை அடைத்துப் பீப்பாய் வைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு ஆள், ஒரு மண்வெட்டி இருக்காது. அதே 45 மைல் வேகத்தில் தினமும் போய் வர வேண்டும்.

அதைவிடப் பயமாக இருந்தது தடம் மாற்றுவது. பழைய தளத்தை உடைக்கும்போது எல்லா வண்டிகளையும் மறுபக்கத்துக்குத் திருப்பி, நடுவில் கான்கிரீட் தடுப்பு வைத்து, ஒரே பக்கத்தில் இரண்டு திசையும் ஓட விடுவார்கள். நேற்றுப் போன வழி இன்று இருக்காது. பழைய வெள்ளைக் கோடுகளைச் சுரண்டி எடுத்திருப்பார்கள், ஆனால் சுரண்டிய தடயம் சாலையில் இருக்கும். பகலில் தெரியாது. இரவில் மழை பெய்தால், எதிரே வருகிற விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தடயம் பளபளவென்று புதுக் கோட்டைவிட நன்றாகத் தெரியும். கண் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், அது நேராகத் தடுப்புச் சுவருக்குள் போகும். ஒருமுறை முன்னால் போன வேனின் பின்விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டே ஆறேழு மைல் ஓட்டினேன். அந்த வேன்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது, என்னை வீடு சேர்த்தவர் அவர்தான்.

மார்ட்டின்ஸ்வில்லிலிருந்து இண்டியானாபோலிஸ் வரை மீதி 26 மைல். இதில் மார்ட்டின்ஸ்வில் ஊருக்குள் வருகிற பகுதியைத் துண்டு துண்டாகச் செய்யாமல், 2021 ஜனவரியில் இரண்டு திசையையும் மொத்தமாக மூடிவிட்டார்கள். அந்த வருடக் கடைசியில்தான் திறந்தது. நான் ஸ்டேட் ரோடு 39இல் மேற்கே திரும்பி, வொயிட் ஆற்றைத் தாண்டி, 67ஐப் பிடித்து, மூர்ஸ்வில் வழியாகப் போவேன். எனக்கு இருபது நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். மார்ட்டின்ஸ்வில்காரர்களுக்குத்தான் அது ஒரு வருடத் தண்டனை. ஊரின் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் வீடு என்றிருந்தவர்கள், கடைக்கு வெளியூர் ஆள் வருவதை நம்பியிருந்தவர்கள். ஒருநாள் அங்கே ஒரு சின்ன உணவகத்தில் சாப்பிட்டபோது, மதியம் பன்னிரண்டரைக்கு நான் ஒருவன்தான் இருந்தேன். "ஒரே வருஷத்துல முடிஞ்சா சரி, மூணு வருஷம் இழுத்திருந்தா கடையை மூடியிருப்பேன்" என்ற அர்த்தத்தில் சொன்னார் அந்தக் கடைக்காரர். மொத்தமாக மூடியது நல்ல முடிவுதான் என்று எனக்கும் தோன்றியது. பல்லைப் பிடுங்குவதென்றால் ஒரே இழுப்பு.

வீடுகள் போனது இதற்கெல்லாம் முன்னாலேயே. இங்கே நிலம் எடுக்க 1970இலிருந்து ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. நியாயமான சந்தை விலை கொடுக்க வேண்டும், குடிபெயர உதவியும் செய்ய வேண்டும். அதன்படிதான் செய்தார்கள். இருந்தாலும், ஒரு வாரம் திரை போட்ட ஜன்னல்களோடு இருந்த வீடு, அடுத்த வாரம் பலகை அடித்து நிற்கும், அதற்கடுத்த வாரம் அங்கே வைக்கோல் பரப்பிய வெறும் தரை இருக்கும். முன்னால் நட்டு வைத்த மரம் மட்டும் கொஞ்ச நாளைக்கு நிற்கும். பட்டாசுக் கடை போனது. டிராக்டர் விற்ற இடம் போனது. சோளம் விற்கிற அம்மாவின் மேசை 2021 கோடையில் வரவில்லை. 2022இலும் இல்லை. அவர் வீட்டுக்கு முன்னால் வேலி போட்டு, மண்ணைக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். கூரை மட்டும் தெரிந்தது. வீடு இருக்கிறது என்பதே எனக்கு ஒரு ஆறுதல்.

இண்டியானாபோலிஸுக்கு வடக்கே ஃபிஷர்ஸ் பக்கம் ஐ-69இல் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். சாலையின் தொடக்கத்திலிருந்து மைல் எண்ணி, இறங்கும் வழிகளுக்கு அங்கே முன்பு எக்ஸிட் 3, எக்ஸிட் 5 என்று இருந்த எண்கள் 2012இல் 203, 205 ஆகிவிட்டன. தெற்கிலிருந்து சாலை வந்து சேரும் என்று, சேர்வதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, எல்லா எண்ணிலும் 200ஐக் கூட்டி வைத்துவிட்டார்கள். அந்தப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம், கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே பத்திரிகை அடித்து வைத்த வீடு ஞாபகம் வரும். 2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆளுநர் எரிக் ஹோல்கோம்ப் ரிப்பன் வெட்டினார். 37 வழியாக வந்த ஐ-69, நகரைச் சுற்றும் ஐ-465இல் போய்ச் சேர்ந்தது. பலகைகளில் எழுதிய எண்ணுக்கு ஒருவழியாகச் சாலை வந்தது.

அந்தச் செப்டம்பரில் மாமனார் மறுபடியும் வந்தார். விமான நிலையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது முதல்முறையாக எந்த விளக்கிலும் நிற்காமல் புளூமிங்டன் வரை ஓட்டினேன். மார்ட்டின்ஸ்வில் வந்ததும் போனதும் தெரியவில்லை. ஊர் கீழேயும் பக்கத்திலுமாக எங்கோ இருந்தது, பச்சைப் பலகைகள் பேரைச் சொல்லின. மேசைக் கால் நீட்டிக்கொண்டு நின்ற அந்த இடத்தைத் தேடினேன். நடுவில் தடுப்பு ஓடுகிறது, ஓரத்தில் வேலி. எது அந்த இடம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பையன் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் ஓட்டப் பழகும் வயதில் அந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை என்று நினைத்தபோது, இந்தப் பத்து வருட எரிச்சலும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, "அந்தப் பச்சைக் கம்பி போட்ட பாலத்தைப் பாத்துட்டு வரலாமா?" என்றார். கிளம்பினோம். பாலத்தைப் பார்த்துவிட்டு இன்னும் வடக்கே போனோம். அந்தக் கூரை வேலிக்குப் பின்னால் தெரிந்தது. தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ரவுண்டானாவைச் சுற்றி, புது சர்வீஸ் ரோட்டில் திரும்பி வந்தோம். மூன்று மைல். வரைபடத்தில் அந்த ரோட்டுக்குப் பெயர் இருந்தது, வீட்டைக் காட்டவில்லை. ஆனால் ரோட்டோரம் தெரிந்த மடக்கு மேசை எனக்கு அடையாளம் தெரிந்தது.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் இப்போது ஒரு தடி. சோளம் மட்டும்தான் இருந்தது, தக்காளி இல்லை. பழைய மாதிரி ஆள் வருவதில்லை, தெரிந்தவர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள் என்றார். ராத்திரியில் தோட்டத்துப் பக்கம் விபத்துச் சத்தம் கேட்பது நின்றுவிட்டது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

மாமனார் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டின் முகப்பு, திண்ணை மாதிரி இருக்கும் போர்ச், அதில் தொங்கும் ஊஞ்சல் எல்லாம் நெடுஞ்சாலை வேலியைப் பார்த்து இருந்தன. நாங்கள் வந்து நின்றது சமையலறைக் கதவு, குப்பைத் தொட்டி, துணி காயப்போடும் கம்பி இருக்கிற பக்கம். தபால் பெட்டியையும் அங்கேதான் புதிதாக நட்டிருந்தார்கள், அடியில் சிமென்ட் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"கொல்லையை வாசலாக்கிட்டாங்களே மாப்பிள்ளை" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த அம்மா அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். உங்கள் வீட்டின் முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது என்கிறார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, தடியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, பைக்குள் சோளத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் போட ஆரம்பித்தார். பன்னிரண்டு வந்ததும் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தார். பதின்மூன்றாவதை அவர் கையிலேயே கொடுத்தார்.